கட்டுச்சோற்றுக்கு முன் மாட்டிய மட்ஃப்ளாப்

எனக்குக் கார் என்றாலே பயம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நாள் முழுக்கத் தையல் மெஷின் இரைச்சலுக்கு நடுவில் நிற்கிறவள், விரலில் ஊசி ஏறினாலும் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த பீஸை எடுக்கிறவள், காரில் உட்கார்ந்ததும் மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே முருகனைக் கூப்பிடுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? என் வீட்டுக்காரரே நம்ப மாட்டார். “ரோட்டப் பாத்து ஓட்டறது நானு, உனக்கெதுக்குப் புள்ள வேர்க்குது?” என்பார். வேர்க்கிறது, அதற்கு நான் என்ன செய்யட்டும்.

திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு யூனிட். கம்பெனியில் வெட்டிக் கொடுக்கிற பனியன் பீஸ்களை வாங்கி வந்து தைத்துக் கொடுப்பது தொழில். கீழே மெஷின்கள், மேலே வீடு. ஒரே மகள். அவளைக் குண்டடத்துப் பக்கம் தோட்டத்து வீட்டில் கட்டிக்கொடுத்தோம். நல்ல மனிதர்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் பின்னால் வந்த எல்லா வம்புக்கும் காரணம்.

மகளுக்கு முதல் கரு ஆறாம் மாதத்தில் நின்றுபோனது. அன்றைக்குச் சாயங்காலம் போன் பண்ணினாள். “காலைல இருந்து ஒண்ணுமே அசையலம்மா.” நான் பண்டல் கட்டிக்கொண்டிருந்தேன். “நல்லாப் பாரு கண்ணு, அசையும்” என்றேன். அப்புறம் “தெரியலம்மா” என்றாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் ‘தெரியலம்மா’ என் காதிலேயே தங்கிவிட்டது. மெஷின் ஓடுகிறபோதும் கேட்கும், நிறுத்தினாலும் கேட்கும்.

மறுபடி அவள் உண்டானபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. டாக்டரம்மா பஸ்ஸே கூடாது, குலுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்காகத்தான் பழைய கார் ஒன்றை வாங்கினோம். வெள்ளைக் கார். என் பயத்துக்கு நானே பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி ஆயிற்று.

ஏழாம் மாதத்தில் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். முந்தின நாள் நல்ல மழை. தோட்டத்து வழியெல்லாம் செம்மண் சேறு. கிளம்பும்போது சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, வழியனுப்ப வண்டிக்குப் பின்னாலேயே வந்து நின்றார். சலவை வேட்டி, சலவைச் சட்டை. எங்கள் வண்டியின் பின் சக்கரம் சேற்றில் சிக்கிச் சுற்றியது. இவர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். திரும்பிப் பார்த்தேன். சம்பந்தி இடுப்பிலிருந்து நெற்றி வரைக்கும் செம்மண்ணாக நின்றுகொண்டிருந்தார். மீசையில்கூடச் சேறு.

நாங்கள் பதறி இறங்கினோம். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பரவால்லீங்க. மழை பேஞ்சா சேறு இருக்கத்தானுங்க செய்யும். நீங்க பாத்துப் போயிட்டு வாங்க” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவர் அன்றைக்கே மறந்திருப்பார். அந்தப் ‘பரவால்லீங்க’தான் மனுசனைத் தின்றது. சோறு சாப்பிடும்போது, “மீசையெல்லாம் சேறு புள்ள” என்பார். பீஸ் எண்ணும்போது நிறுத்திவிட்டு, “வெள்ளை வேட்டி வேற” என்பார்.

ஒன்பதாம் மாதத்தில் கட்டுச்சோறு. பெண் வீட்டார் வகைவகையாகச் சோறு ஆக்கிக் கொண்டுபோய், மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிவருகிற நாள். எனக்கு அந்த ஒரு நினைப்புத்தான். அவளை வயிற்றோடு பத்திரமாக இங்கே கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும். இவருக்கு வேறு நினைப்பு. போன தடவை சேறு அடித்த வண்டியில் எந்த முகத்தோடு போவது?

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்ஃப்ளாப் வாங்கி வந்தார். பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குமே, சேறு தெறிக்காமல் தடுக்கிற ரப்பர், அது இரண்டு. கூடவே ஒரு சின்னப் பையில் ஸ்குருக்கள்.

“கடைலயே மாட்டித் தரமாட்டாங்களாங்க?” என்று கேட்டேன்.

“ஓவர்லாக் மிசினையே கழட்டி மாட்டறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கடைக்காரன் பம்பர்ல கண்ட எடத்துல ஓட்டையப் போட்டுருவான்.”

அதற்கு மேல் பேசிப் பயனில்லை. தன் கையால் செய்ததைச் சம்பந்தி பார்க்க வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை. அது எனக்குத் தெரியாதா என்ன.

யூனிட்டுக்கு முன்னால் மண் தரை. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, இடது பின் சக்கரத்தைக் கழற்றினார். கழற்றிய சக்கரத்தை உருட்டிச் சுவர் ஓரமாகச் சாய்த்தார். கம்பெனி வேன் டிரைவர் சக்கரம் மாற்றும்போதெல்லாம் கழற்றியதை வண்டிக்கு அடியில் தள்ளி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். “உனக்கு எல்லாத்துலயும் பயம்” என்றார். நானே உருட்டிக்கொண்டு வந்து அடியில் படுக்கப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எதிர்க் கட்டிட மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒடிசாப் பெண்கள் இரண்டு பேர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அவர் மல்லாந்து படுத்துத் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு ஸ்குரு முறுக்கிக்கொண்டிருந்தார். தலை எனக்குத் தெரியவில்லை. லுங்கியும் இரண்டு காலும் மட்டும் வெளியே. ஜாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் அடிப்பலகை ஈர மண்ணில் ஒரு பக்கமாக இறங்குகிற மாதிரி இருந்தது. கண்தான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தேன். திரும்பவும் இறங்கியது. சொல்ல வாய் வரவில்லை. இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன். அவர் தரையில் உரசிக்கொண்டு வெளியே வரவும் வண்டி சாய்ந்து, நான் போட்ட சக்கரத்தின் மேல் பொத்தென்று உட்காரவும் சரியாக இருந்தது.

அவர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, “நீ இழுக்காம இருந்திருந்தா ஸ்குரு கீழ விழுந்திருக்காது” என்றார். எனக்குத் தண்ணீர் குடிக்கக்கூட முடியவில்லை. ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை கொடுத்து மறுபடி தூக்கி, சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் மாட்டி முடித்துவிட்டார். மாட்டியது நேராகத்தான் இருந்தது. அதைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

பல்லடம் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சுண்டிய முகத்தோடு வந்தார். இடது பக்கம் டகடகவென்று அடிக்கிறதாம். கீழே விழுந்த ஸ்குருவோடு வாஷரும் மண்ணில் எங்கோ போயிருந்தது. ரப்பருக்கும் பம்பருக்கும் நடுவில் விரல் போகிற இடைவெளி. மெஷின் சத்தத்தில் ஒரு நூல் மாறினாலும் கண்டுபிடிக்கிற காது அவருடையது. அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு குண்டடம் வரைக்கும் அவரால் போகவே முடியாது.

எங்கள் ஊரில் எந்த ஓட்டைக்கும் ஒரே மருந்து, பனியன் வேஸ்ட். கதவு ஆடினால் வேஸ்ட். குழாய் ஒழுகினால் வேஸ்ட். மேசைக் கால் நொண்டினால், ஜன்னலில் காற்று வந்தால், பாத்திர மூடி பொருந்தாவிட்டால், எல்லாவற்றுக்கும் ஒரு கை வேஸ்ட்டை எடுத்துத் திணிப்போம். வெட்டி எறிகிற துணிதானே, வீட்டுக்கு வீடு மூட்டையாகக் கிடக்கிறது. அன்றைக்கும் அவர், “கொஞ்சம் வேஸ்ட் எடுத்துட்டு வா புள்ள” என்றார். நான் புது மூட்டையிலிருந்து வெள்ளைத் துண்டுகளை அள்ளி வந்தேன்.

“இது வேண்டாம். மழைத் தண்ணியக் குடிச்சு ஊறிப்போயிரும். மிசின் தொடச்ச வேஸ்ட் இருக்குமல்ல, அதக் கொண்டா. எண்ணெ ஏறுனதுன்னா தண்ணி ஒட்டாது.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஜாக்கிக்குப் பயந்தேன், ரோட்டுக்குப் பயந்தேன், ஸ்பீடு பிரேக்கருக்குப் பயந்தேன். இதற்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஓவர்லாக் மெஷின்களுக்கு அடியில் கிடந்த எண்ணெய்த் துணிகளை ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஸ்குரு டிரைவரின் பிடியை வைத்துக் குத்திக் குத்திப் பம்பருக்குள் ஏற்றினார். மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “சத்தம் போச்சா பாத்தியா?” என்றார். போய்த்தான் இருந்தது.

கட்டுச்சோற்று அன்று நல்ல வெயில். இத்தனை ஏற்பாடு பண்ணியவருக்கு ஒரு சொட்டு மழை இல்லையே என்று குறை. சொந்தக்காரர்கள் வேனில் வந்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வேனில் ஏற்றிவிட்டு, எள்ளுச் சோற்று அடுக்கு மட்டும் எங்கள் டிக்கியில் வந்தது. குண்டடத்தில் இறங்கும்போது லேசாக ஒரு கருகல் வாடை அடித்தது. எள் வறுத்தது கொஞ்சம் தீய்ந்துவிட்டது போல என்று நினைத்து, எள் வறுத்த என் நாத்தனாரை மனதுக்குள் திட்டினேன். பாவம், அவள் நன்றாகத்தான் வறுத்திருந்தாள்.

சம்பந்தி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னால் நின்று குனிந்து பார்த்தார். “மட்ஃப்ளாப்பெல்லாம் போட்டாப்பல இருக்குதுங்க?”

“நானே மாட்டுனதுங்க” என்றார் இவர். அத்தனை நாள் தொண்டையில் கிடந்த முள் அன்றைக்குத்தான் இறங்கியது. சாப்பாட்டுப் பந்தியில் இவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கே நிம்மதியாக இருந்தது.

விருந்து முடிந்ததும் வேன் கிளம்பிவிட்டது. ராகு காலம் கழிந்த பிறகுதான் பெண்ணை வண்டியில் ஏற்ற வேண்டும் என்று நாங்கள் மூன்று பேர் மட்டும் காத்திருந்தோம். கிளம்பும்போது சம்பந்தியம்மா ஒரு தூக்குப்போசி நிறைய மோர் கொடுத்தார். “வெயில்ல பிள்ளைக்கு நாக்கு வறண்டா குடுங்க.” மீதிச் சர்க்கரைப் பொங்கலை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். மகளைப் பின் சீட்டில் இடது பக்கம் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பக்கத்தில் நான் ஏறினேன். அவளுடைய பெட்டியும் பைகளும் டிக்கியில். வண்டி பின்னால் நன்றாகத் தாழ்ந்தது.

பின் கதவுகள் உள்ளே இருந்து திறக்காது. பழைய சொந்தக்காரர் பிள்ளைகளுக்காகப் போட்ட பூட்டு. நாங்கள் அதை எடுக்கவே இல்லை. எப்போதும் இவர் இறங்கி வந்து திறந்துவிடுவார், நான் மகாராணி மாதிரி இறங்குவேன்.

குண்டடம் தாண்டி, கரண்டு எடுக்கிற பெரிய காற்றாடிகள் நிற்கிற வெட்டவெளியில் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இவர் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் முன்னால் கிட்டத்தட்ட நிறுத்தியே ஏற்றினார். மகள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். கையில் அடுக்கிய கண்ணாடி வளையல் குலுங்குகிற சத்தம் மட்டும். அப்போது அந்த வாடை திரும்ப வந்தது. டிக்கியில் இப்போது எள்ளுச் சோறு இல்லை.

“ஏனுங்க, ஏதோ கருகற வாடை.”

“காட்டுல ஏதாச்சும் தீ வெச்சிருப்பாங்க.”

கண்ணாடியை ஏற்றினேன். காட்டுத் தீ என்றால் குறைய வேண்டும். கூடியது. என் முந்தானையைப் பார்த்தேன், மகளின் சேலையைப் பார்த்தேன். ரப்பர் எரிந்தால் மூக்கைப் பொசுக்கும், ஒயர் எரிந்தால் வேறு மாதிரி வரும். கல்யாணத்துக்கு முன்னால் நான் துணி செக்கிங்கில் வேலை பார்த்தவள். துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டுவோம். சுருண்டு நாறினால் பாலியஸ்டர். காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாக உதிர்ந்தால் சுத்தப் பருத்தி. திருப்பூரில் இது எல்லோருக்கும் தெரியும். வண்டிக்குள் வந்தது காகித வாடை. காரில் பருத்தி எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். மகள் உட்கார்ந்திருந்த சீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது, நான் பை நிறையக் கொடுத்தது.

“வண்டிய நிறுத்துங்க.”

“இன்னுஞ் சித்த தூரம் போனா ஒரு மெக்கானிக் கடை...”

“நிறுத்துங்கங்கறேன். அந்த வேஸ்ட்டு எரியுது.”

வேஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கும் விளங்கிவிட்டது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கிப் பின்னால் ஓடினார். எங்கள் கதவைத் திறக்காமல் ஓடினார். பின் கண்ணாடியில் பார்த்தேன். பம்பருக்கு மேலே புகை சுருண்டு வந்துகொண்டிருந்தது. கதவை இழுத்தேன், வரவில்லை. பெட்ரோல் டேங்க் அந்தப் பக்கம்தான் எங்கேயோ இருக்கிறது என்று அவர் ஒரு தடவை சொன்னது அந்த நேரத்தில்தானா நினைவுக்கு வர வேண்டும்? மகள் முழித்துக்கொண்டாள். “என்னம்மா?” என்றாள். “ஒண்ணுமில்ல கண்ணு” என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தேன். மகளும் நானும் அந்த வயிற்றுக்குள் இருப்பதும் சேர்ந்து போய்விடுவோம் என்றே நினைத்தேன். இப்போது எழுதும்போதும் உள்ளங்கை ஈரமாகிறது.

அவர் வந்து கதவைத் திறந்தார். மகளைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டுபோய்ச் சாலையோர வேலமரத்து நிழலில் உட்கார வைத்தேன். திரும்பிப் பார்த்தால் இவர் தரையில் படுத்து, வெறுங்கையால் வேஸ்ட்டை இழுத்துக்கொண்டிருக்கிறார். பனியன் துணியை இழுத்தால் நீளும், கயிறு மாதிரிச் சுருளும், அறுந்து வராது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அதுவரைக்கும் புகைந்தது, வெளிக்காற்றுப் பட்டதும் பக்கென்று பற்றிக்கொண்டது. மட்ஃப்ளாப்பின் ஓரம் உருக ஆரம்பித்தது. தண்ணீர் பாட்டிலில் பாதிதான் இருந்தது, அதை ஊற்றினேன். சீறியது, அணையவில்லை. சீட்டுக்குக் கீழே இருந்த தூக்குப்போசியை எடுத்து மோரை அப்படியே பம்பருக்குள் வீசினேன். அணைந்தது. மிச்சத்தை அவர் பிடுங்கி ரோட்டில் போட்டுச் செருப்பால் மிதித்தார். புளித்த மோரும் கருகிய பருத்தியும் கலந்த அந்த நாற்றத்தைச் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன்.

பின்பக்கம் தாழ்ந்ததில் வேஸ்ட் இறங்கிச் சூடேறிய சைலன்சரின் மேல் உட்கார்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார். அந்த நேரத்தில் யாருக்கு வேண்டும் அந்த விளக்கமெல்லாம்.

மகளிடம் போனேன். வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். ஈரம் எதுவும் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. கேட்கவே கூடாது என்று நினைத்ததைக் கேட்டேன்.

“அசையுதா கண்ணு?”

எங்களுக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் நிழல் மகளின் மடியில் வந்து வந்து போனது.

“தெரியலம்மா” என்றாள்.

அதே சொல். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். யாரிடம் என்ன வேண்டினேன் என்று எனக்கு நினைவில்லை. முருகனை விட்டுவிட்டு, கண்ணில் பட்ட காற்றாடியிடம்கூட வேண்டியிருப்பேன். அவர் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கிட்டத்தில் வரவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தார். கையெல்லாம் கொப்புளம் என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். “அப்பா, இங்க வாங்க” என்று மகள் கூப்பிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார், நகரவில்லை.

இனிப்புத் தின்றால் பிள்ளை புரளும் என்று சொல்வார்கள். பொங்கல் டப்பாவைக் கொண்டுவந்து, ஒரு வாய் அள்ளி அவள் வாயில் வைத்தேன். அவளுக்கு இறங்கவில்லை. “தின்னு சாமி, எனக்காகத் தின்னு” என்று அதட்டினேனா கெஞ்சினேனா தெரியாது. இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, தலையை என் மடியில் போட்டுக்கொண்டு, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். ஒரு பஸ் போனது. ஒரு பால் வண்டிக்காரர் நிறுத்தி, “ஏதாச்சும் உதவி வேணுங்களா?” என்று கேட்டார். இவர் “இல்லீங்க” என்று சொல்லி அனுப்பினார். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி இவரிடம் கத்த நான் வாயைத் திறந்தேன். அப்போது மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே இருந்து ஒரு முட்டு. நல்ல முட்டு, கோபக்காரப் பிள்ளையின் முட்டு. நான் அழுதுவிட்டேன். மகளும் அழுதாள். “அப்பா, உதைக்குதுங்கப்பா” என்று சத்தமாகச் சொன்னாள். அவர் அப்போதும் வரவில்லை. திரும்பி நின்று, கருகிப்போன மட்ஃப்ளாப்பைத் தடவிப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

அதே வண்டியில்தான் திரும்பினோம். வேறு வழி இல்லை. வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி இறங்கிப் போய்ப் பம்பரை முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லி, இதயத் துடிப்பையும் கேட்க வைத்தார். நான் ஒரு தடவை கேட்டேன், போதவில்லை, இன்னொரு தடவை கேட்டேன்.

அடுத்த வாரம் இவர் புது மட்ஃப்ளாப் வாங்கி, வாஷர் போட்டு, கட்டுப் போட்ட கையோடு தானே மாட்டினார். இந்தத் தடவை நான் எதுவும் சொல்லவில்லை, சக்கரத்தை அடியில் தள்ளிவிட்டு முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். இன்னமும் இடது பக்கம் டகடகவென்று அடிக்கத்தான் செய்கிறது. மனுசன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வீட்டில் ஆடுகிற கதவுக்குக்கூட இப்போது வேஸ்ட் வைப்பதில்லை. ஆடட்டும் என்று விட்டுவிடுகிறார்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவருகிற அன்று ஊரே நனைகிற மழை. வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இவர் ஏற்பாடு.

“ஏனுங்க, நம்ம வண்டிதான் நிக்குதல்ல?”

“வேண்டாம் புள்ள. நீங்க இதுல வாங்க. நான் பொறகால வர்றேன்.”

வழக்கமாக இதற்கு நான் நாலு கேள்வி கேட்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை. மகளும் நானும் பேத்தியோடு வாடகைக் காரில் ஏறினோம். கையில் குழந்தை இருந்ததால் கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தபோதெல்லாம் எங்கள் வெள்ளைக் கார் பின்னாலேயே, முட்டுகிற மாதிரி அத்தனை கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. அந்த வாடகைக் காருக்கு மட்ஃப்ளாப் இல்லை. ரோட்டில் கிடந்த சேறு முழுக்க இவர் மேலேதான் அடித்தது.

வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால், வண்டியின் முகம் அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியில் வைப்பர் வழித்த இரண்டு வட்டம் மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் சேறு. அவர் இறங்கி வந்தார். குழந்தையை வாங்கவில்லை, எட்ட நின்று முகத்தை மட்டும் பார்த்தார்.

“இத்தனை சேத்துல எதுக்குங்க இவ்வளவு கிட்டத்துல வந்தீங்க? சித்த எட்ட வந்திருக்கலாமல்ல?” என்றேன்.

“எட்ட வந்தா, புகை வருதான்னு எப்படிப் புள்ள தெரியும்?” என்றார்.